அகநேத்தாவின் இடுப்புப் பட்டை

டோர்வின் தீசன் வேலைக்குக் கிளம்ப உடுப்பு மாட்ட ஆரம்பித்தால் முடிக்கப் பதினோரு நிமிடம் ஆகும். முதலில் உடம்போடு ஒட்டுகிற உள்சட்டை, உள்கால்சட்டை. அதன்மேல் ஒரு கம்பளி. அதன்மேல் இன்னொரு கம்பளி; இது அக்கா பின்னிக் கொடுத்தது, கழுத்தில் குத்தும். அப்புறம் தோளில் வார் போட்டு மாட்டுகிற பஞ்சுக் கால்சட்டை, பஞ்சுக் கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறை, கோதுமை மூட்டை கனத்துக்குப் பூட்ஸ், கழுத்துக்கு ஒரு சுற்று, தலைக்குக் குல்லா, குல்லாவுக்கு மேல் கோட்டின் தொப்பி, கைக்கு மெல்லிய உறை, அதற்கு மேல் தடித்த உறை. இத்தனையும் மாட்டி முடித்த பிறகுதான் வீட்டுச் சாவி அடியிலுள்ள முதல் கம்பளிக்குள் விழுந்துவிட்டது என்று கண்டுபிடிப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது இது நடக்கும்.

வின்னிபெக் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஓர் உறைபொருள் கிடங்கு. அங்கே அவருக்கு இருபத்தாறு வருட வேலை. பட்டாணி, மீன், கோழி, ஐஸ்கிரீம் என்று பெட்டி பெட்டியாக வருவதைத் தூக்கு வண்டியில் ஏற்றி அடுக்க வேண்டும், கேட்கும்போது இறக்கித் தர வேண்டும். உள்ளே எப்போதும் மைனஸ் இருபத்தெட்டு. ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பத்தைந்தைத் தொடும் நாட்களில் சரக்கு லாரிச் சாரதிகள் எல்லாரும் பெட்டி சரிபார்க்கிற சாக்கில் கிடங்குக்குள் வந்துவிடுவார்கள். "வாங்கப்பா, வாங்க, உள்ள வந்து குளிர் காயுங்க" என்பார் டோர்வின். இருபத்தாறு வருடமாக அதே நகைச்சுவை, யாரும் சிரிப்பதில்லை, அவரும் நிறுத்துவதில்லை.

ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மாட்டிய அத்தனையையும் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு, சூப்பைச் சூடாக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். உட்கார்ந்த அரை நிமிடத்தில் அகநேத்தா ஆகிவிடுவார்.

'சாம்பல்வெளி' என்கிற அந்த விளையாட்டில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். வாள்காரர்கள், மந்திரக்காரர்கள், தாடி வைத்த குள்ளர்கள், கொம்பு முளைத்தவர்கள். குழுக் குழுவாகச் சேர்ந்து டிராகனை அடிப்பார்கள், அடித்துவிட்டு வீட்டு வாடகையையும் மாமியாரையும் பற்றிப் பேசுவார்கள். ஒன்பது வருடம் முன்பு டோர்வின் அதில் சேர்ந்தபோது நெருப்புச் சூனியக்காரி ஒருத்தியை உண்டாக்கினார். பெயர் வைக்கப் போனால் நல்ல பெயர் எல்லாவற்றையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பதினேழு பெயர் தட்டிப் பார்த்து வெறுத்துப்போய், கடைசியில் தன் அப்பாவின் அத்தை பெயரைத் தட்டினார். அகநேத்தா. உடனே கிடைத்தது. அந்தப் பெயரை வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த அசல் அகநேத்தா, தெற்கே மெனோனைட்டுகள் என்கிற கட்டுப்பெட்டிக் கிறிஸ்தவர்களின் ஊர் ஒன்றில், கழுத்துப் பொத்தானிலிருந்து குதிகால் வரை கறுப்பு உடுப்பும் தலையில் கறுப்புத் துணியுமாக எழுபத்தெட்டு வயது வரை வாழ்ந்து போனவர். அவருடைய முழங்கையைப் பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. விளையாட்டு அகநேத்தாவுக்கோ முழங்கை மட்டும் இல்லை, மறைக்க வேண்டியது என்று ஊர் சொல்கிற இடங்களில் முக்கால்வாசி வெளியேதான் இருந்தது. மார்பில் குறுக்காக இரண்டு தோல் வார். இடுப்பில் ஒரு சாண் துணி. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டை. முதுகு முழுக்க வெறுமை. காலில் செருப்புக்கூட இல்லை. அவ்வளவுதான் உடுப்பு.

அவ்வளவுதான் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள், அதுதான் டோர்வினின் ஆறாத குறை. அந்த வாருக்குச் சரியான நிறம் அமைய அவருக்கு நாலு மாதம் பிடித்தது. எரிகிற அடுப்பின் வாய் உட்பக்கம் என்ன நிறத்தில் இருக்குமோ அந்த நிறம் வேண்டும். சிவப்பு இல்லை, ஆரஞ்சும் இல்லை. மூன்று சாயத்தைக் கலந்து, எட்டு தரம் தப்பாகி, ஒன்பதாம் தரம் வந்தது. வெறுங்காலும் லேசுப்பட்டதில்லை. இந்த விளையாட்டில் பூட்ஸ் இல்லாமல் சண்டைக்குப் போனால் முதல் அடியிலேயே ஆள் காலி. அதனால் கண்ணுக்கே தெரியாத ஒரு செருப்பைத் தேடிப் பிடித்து, உண்மையான இரும்புப் பூட்ஸுக்கு மேல் அதன் தோற்றத்தைப் பூசியிருந்தார். இடுப்புப் பட்டையின் கதை தனி. அது பின்னால் வரும்.

இந்த வேலைப்பாட்டைப் பற்றி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. தெருவில் போகிற வாள்காரர்கள் விசில் அடிப்பார்கள். "ஏம்மா, மிச்சத் துணி வண்ணான்கிட்ட இருக்கா?" என்பார்கள். ஒரு குதிரைவீரன் ஒரு மாதம் பின்னாலேயே சுற்றி ரோஜாப்பூவாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் டோர்வின் மைக்கைத் திறந்து, பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற தன் குரலில், "தம்பி, எனக்கு முட்டிவலி, கொஞ்சம் மெதுவா நட" என்றார். குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அவன், "அண்ணே, நீங்க எந்த ஊர்? அங்க பனிக்காலத்துக்கு என்ன டயர் போடறீங்க?" என்று கேட்டான். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறான். நல்ல பையன்.

சாம்பல்வெளியில் உடுப்பில் ஆசை உள்ளவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக இருக்கிறது, பிரமாதம், அசத்திட்டீங்க என்பதெல்லாம் அவர்களிடம் செல்லாத காசு. எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான். ஒருவர் உடுத்தியிருப்பதைப் பார்த்து இன்னொருவர் நின்று, "இது எங்க கிடைச்சது?" என்று கேட்டால், அதுதான் பட்டம், அதுதான் மாலை. கேட்கிறவர் தானும் அதைத் தேடிப் போகப் போகிறார் என்று அர்த்தம். ஓட்டைக் கேடயம் என்கிற தன் குழுவில் எல்லாரிடமும் யாராவது ஒருமுறையேனும் அப்படிக் கேட்டதை டோர்வின் பார்த்திருக்கிறார். வாத்துத் தலைக்கவசம் போட்டுத் திரிகிற ஒருத்தனிடம்கூடக் கேட்டார்கள். அகநேத்தாவிடம் ஒன்பது வருடத்தில் யாரும் கேட்கவில்லை. தோலைத்தான் பார்த்தார்கள், அதற்குமேல் கண் போகவில்லை.

வருடா வருடம் ஜனவரியில் குழுவின் உடுப்புப் போட்டி. மலைநகரத்துச் சதுக்கத்தில், பனி கொட்டக் கொட்ட, ஒவ்வொருவராக நடந்து காட்ட வேண்டும். இதுவரை நடுவராக இருந்தவர் தன் மச்சானுக்கே பரிசு கொடுத்துப் பழகிவிட்டதால் இந்த வருடம் அவரை இறக்கிவிட்டார்கள். புதிதாக வந்தவர் எல்விரா பாகா. நியூ மெக்ஸிகோவில் அல்புகர்கிக்காரி. அவருடைய ஆள் ஒரு மலைராட்சசி. கரடித்தோல், ஓநாய்த்தோல், அதற்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் இரும்பு என்று மூக்கு நுனி மட்டும் தெரிகிற மாதிரி மூடிக்கொண்டு நடப்பவள். எல்விராவுக்கும் மூக்கு நுனியில்தான் கோபம். பதவிக்கு வந்த முதல் நாளே குழுவின் பலகையில் எழுதிவிட்டார்:

"ஒரே கவசம். ஆம்பிளை போட்டா கழுத்து வரைக்கும் இரும்பு. அதையே பொம்பளை போட்டா ரெண்டு இலை. பதினஞ்சு வருஷமா இந்த அநியாயத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது. இந்த வருஷம் தோலைக் காட்டிட்டு வர்ற யாரா இருந்தாலும், எதுக்குக் காட்டறீங்கன்னு மூணு வரி சொல்லணும். சொல்லலன்னா சைபர். பார்க்க அழகா இருக்குன்னு சொன்னாலும் சைபர். நெருப்பு மந்திரம் தெரியும், அதனால உடம்பு சூடுன்னு யாராவது கதை விட்டீங்க, சைபருக்கும் கீழ."

டோர்வின் இதை இரண்டு தரம் படித்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் சங்கடம். நியாயமில்லாமல் பேசியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மூன்று வரி எழுதிப் பார்த்தார். "அகநேத்தா எரிமலை அடியில் பிறந்தவள்" என்று ஆரம்பித்து அடித்தார். "உடுப்பு என்பது" என்று ஆரம்பித்து, தனக்கே கூச்சமாகி அடித்தார். பெட்டியைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். மனசைத் திறந்து பேசச் சொன்னால் டோர்வினுக்கு வாயில் கொழுக்கட்டை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, விளையாட்டுக்குள்ளேயே உள்ள கடையில் ஒரு கவசம் வாங்கினார். தலை முதல் கால் வரை பளபளக்கும் தகரம், வழியில் போகிற பத்துப் பேரில் நாலு பேர் போட்டிருப்பது. அதை அகநேத்தாவின் பையில் வைத்தார். இந்த முறையும் சிரித்தார்களானால் அன்றைக்கே அதை மாட்டிவிட்டு, உடுப்பு ஆசையை அதோடு மூட்டை கட்டிவிடுவது. அந்த முடிவு எடுத்த இரவு அவருக்குச் சூப் இறங்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு அறையில் ரோடெல் மகாராயிகிடம் சொன்னார். ரோடெல் அவருக்கு அடுத்த வரிசையில் தூக்கு வண்டி ஓட்டுபவன், பிலிப்பினோக்காரன், வயதில் இருபது குறைவு, வாயில் இருபது அதிகம். அவன் விளையாடுவதில்லை, ஆனால் ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அகநேத்தாவை அவனுக்குச் சொந்தக்காரி போலத் தெரியும்.

"அப்ப சனிக்கிழமை அகநேத்தா அக்காவுக்கு மானம் போகப் போகுது" என்றான், புளிப்புக் கோழியைச் சோற்றில் பிசைந்தபடி.

"அவளுக்கு எங்கடா மானம் போகும். எனக்குத்தான்."

"மூணு வரிதானே அண்ணே. சும்மா எதையாவது எழுதுங்க. குளிருக்கு இதமா இருக்குன்னு எழுதுங்க."

"துணியே இல்லாம எப்படிடா இதமா இருக்கும்?"

"அதான் நானும் கேக்கறேன். ஒன்பது வருஷமா கேக்கறேன். ஏன் அண்ணே அந்தப் பொண்ணை இப்படி வெறும் உடம்போட விட்டுட்டீங்க?"

டோர்வின் சாசேஜை ஒரு துண்டு வெட்டிக் கறுப்பு ரொட்டிமேல் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியலடா" என்றார். "எனக்கு யாரும் சிரிக்காம இருந்தாக்கூடப் போதாது. யாராவது ஒருத்தர், அந்தப் பட்டை எங்க கிடைச்சதுன்னு கேட்டாப் போதும்."

"நான் வேணா கேக்கட்டுமா?"

"நீ விளையாடறதே இல்லையே, மடையா."

"சரி, கேக்கல" என்று ரோடெல் கோழிக்காலைக் கடித்தான்.

சனிக்கிழமை போட்டி நாலு மணிக்கு. டோர்வினுக்கு அன்றும் வேலை இருந்தது. வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு சேர மூன்றே முக்கால் ஆகிவிடும். அதற்குள் சதுக்கம் நிரம்பிவிட்டால் உள்ளே விடாது. வரிசையில் நின்று ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் முன்யோசனை உள்ளவர்கள் காலையிலேயே தங்கள் ஆளைச் சதுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சும்மா நின்றால் கொஞ்ச நேரத்தில் விளையாட்டு வெளியே தள்ளிவிடும். ஆகவே அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: கீபோர்டில் திரும்புகிற விசைமேல் ஒரு கரண்டியை வைத்து அழுத்திவிட்டால் ஆள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

காலை ஐந்து மணிக்கு டோர்வின் அகநேத்தாவைச் சதுக்கத்து ஊற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விசைமேல் சூப்புக் கரண்டியை வைத்தார். அவள் பனியில் வெறுங்காலோடு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். எல்லாரும் மைக்கில் பேசிக்கொள்ளும் குழுவின் பேச்சறையில் தலைவி பாலின் ஆர்சனோ முன்னமே இருந்தார். கிழக்குக் கடற்கரையில் மாங்க்டன் நகரத்தில் முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் போட்டு ஓய்வு பெற்றவர். விளையாட்டில் அவர் இடுப்பளவு தாடி வைத்த குள்ளன் என்பதால் எல்லாரும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன தலைவரே, தூங்கலையா?"

"எனக்கு இங்க ஏழு மணி ஆச்சுப்பா. மூணு வரி எழுதிட்டியா?"

"எழுதறேன், எழுதறேன்" என்று டோர்வின் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பதினோரு நிமிடத்தில் கிளம்பிப் போனார்.

தவறு அங்கேதான் நடந்தது. பேச்சறையில் மற்றவர்கள் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்; விட்டால் மைக் மூடிக்கொள்ளும். டோர்வினுக்கு வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரத்துக்கு விரல் சொன்னபடி கேட்காது. பிடித்த விசை நழுவி, பாதிப் பேச்சு அந்தரத்தில் போய்விடும். அதனால் போன வாரம்தான் மைக் எப்போதும் திறந்தே இருக்கும்படி மாற்றி வைத்திருந்தார். வேண்டாதபோது ஹெட்செட் வயரில் உள்ள பொத்தானைத் தட்டி மூட வேண்டும். அன்று காலை அவர் தட்டவில்லை.

பாலினும் போய்விட, மத்தியானம் வரை பேச்சறையில் ஆள் இல்லை. டோர்வின் வீட்டு ஃப்ரிட்ஜ் யாருமற்ற அறைக்கு உறுமிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூன்றே முக்காலுக்கு முப்பத்தொரு பேர். அப்போது டோர்வின் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்தார். வெளியே மைனஸ் முப்பத்தாறு. பஸ் நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் நின்றிருந்தார். கிடங்கு உடுப்பையே கழற்றாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

திரையில் அகநேத்தா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்" என்றார் அவளிடம். தனியாக இருக்கிறவர்கள் இப்படித்தான். வீட்டில் யாரும் இல்லை என்பதால் நிறையவே பேசுவார்கள். "இரு, இந்தத் தோலை உரிச்சுட்டு வந்துடறேன்."

கோட்டின் ஜிப் இறங்கியது. "ஒண்ணு." கோட்டு தொப்பென்று தரையில் விழுந்தது. பூட்ஸ் இரண்டும் சுவரில் போய் முட்டின. "ரெண்டு. ஐயோ, கடவுளே. சுண்டுவிரல் இருக்கா? இருக்கு. மத்த பயல்களையும் அப்புறமா எண்ணிக்கலாம்." பஞ்சுக் கால்சட்டையின் ஜிப் பாதியில் சிக்கியது. "இறங்குடா. இறங்கித் தொலைடா. மூணு."

மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியைப் பிடித்தபடி நின்று திரையைப் பார்த்தார். பனி கொட்டுகிறது, அவள் தோளில் ஒரு துளி தங்கவில்லை.

"நீ குடுத்து வச்சவடி. கையை வீசிக்கிட்டு, காலை விரிச்சுக்கிட்டு, பனியில கூத்தடிக்கிற. இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு நாள் சட்டையைக் கழட்டிட்டு வெளிய நின்னிருக்கேனா? ஜூலைல நிக்கலாம். அப்ப கொசு தூக்கிட்டுப் போயிடும்." அக்காவின் கம்பளி தலையில் மாட்டிக்கொண்டது, கொஞ்ச நேரம் பேச்சு அதற்குள்ளிருந்தே வந்தது. "நாலு. உன் பேருக்காரி பாவம், எங்க அகநேத்தா அத்தை, எழுபது வருஷம் அந்தக் கறுப்புத் துணிக்குள்ளயே வெந்தா. வெயில்லயும் ஒரு பொத்தான் அவுத்ததில்ல. அவளும் உன் புண்ணியத்துல கொஞ்சம் காத்து வாங்கட்டும். அஞ்சு. உன் முதுகைப் பார்த்தாலே எனக்கு முதுகு லேசாகுதுடி. அதுக்குத்தான் உன்னை இப்படி வச்சிருக்கேன். இதை எப்படி அந்தக் கோபக்காரிகிட்டப் போய் மூணு வரியில சொல்றது? சொன்னா, போடா பைத்தியம்னு சொல்லுவா. ஆறு. அப்பாடா."

உள்சட்டையோடு உட்கார்ந்து, கரண்டியை எடுத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டினார். பேச்சறையில் ஒரு சத்தமும் இல்லை. முப்பத்தொரு பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதே இல்லை.

"ஹலோ? ஆரம்பிச்சாச்சா?"

"டோர்வின்" என்றார் பாலின். "மைக் திறந்திருக்குப்பா."

"இப்பதானே திறந்தேன்?"

"காலைல இருந்து திறந்திருக்கு."

டோர்வினுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் காது இரண்டும் கொதித்தன. அன்றைய தினத்தில் அவர் உடம்பில் முதன்முதலாகச் சூடு ஏறிய இடம் அதுதான்.

"எத்தனையாவதுல இருந்து கேட்டீங்க?"

"ஒண்ணுல இருந்து" என்றது யாரோ ஒரு குரல். அதோடு அணை உடைந்தது. முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். யாரோ "இறங்கித் தொலைடா!" என்று கத்தினார்கள். வாத்துத் தலைக்கவசக்காரன், "அண்ணே, மத்த விரலை எண்ணிட்டீங்களா?" என்றான்.

டோர்வின் அகநேத்தாவின் பையைத் திறந்தார். தகரக் கவசம் மேலேயே இருந்தது. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தார்.

"நான் உன் மைக்கை மூடக் கையைக் கொண்டுபோனேன்ப்பா" என்றார் பாலின், சிரிப்பு அடங்கிய குரலில். "சத்தியமா. அந்த அத்தை கதை வந்ததும் மூட மனசு வரல. முப்பது வருஷம் பனியில தபால் தூக்கினவ நான். எனக்குத் தெரியும்."

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" இது எல்விரா. குரலே கரண்டியால் தட்டுகிற மாதிரி இருந்தது. பேச்சறை அடங்கியது. "டோர்வின். ஒரு விஷயம் கேக்கணும். பின்பக்கம் திரும்பு."

"எதுக்குங்க?"

"திரும்புன்னா திரும்பேன்."

அகநேத்தாவைத் திருப்பினார். கரடித்தோல் மூட்டையாக எல்விராவின் ராட்சசி கிட்டே வந்து, குனிந்து, அவள் இடுப்புக்கு நேராக மூக்கை வைத்தாள்.

"இந்தப் பட்டை" என்றார் எல்விரா. "நாணல்ல பின்னினது மாதிரி இருக்கு. பின்னால மீன்முள் மாதிரி ஒரு முடிச்சு. மூணு மணியில இருந்து பார்த்துட்டிருக்கேன். நீ பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்தியா, வேற வேலையும் இல்ல, உன் முதுகையே பார்த்துட்டிருந்தேன். எட்டுக் கடையில தேடியாச்சு. ஏலத்துல தேடியாச்சு. எங்கயும் இல்ல. எங்க கிடைச்சது இது?"

டோர்வினின் கை சுட்டிமேல் நின்றுவிட்டது. ஒன்பது வருடமாகக் குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இப்போது பதிலுக்குப் பதில் ஒரு சந்தேகம்தான் வந்தது.

"நான் பேசினதைக் கேட்டுட்டு, பாவம்னு கேக்கறீங்களா?" என்றார்.

"பாவமா? யாருக்கு? எனக்கு யார்மேலயும் பாவம் பார்க்கத் தெரியாது, வேணும்னா எங்க வீட்டுல கேட்டுப் பாரு. நீ வீட்டுக்கே வராத நேரத்துல இருந்து தேடிட்டிருக்கேன்யா. சொல்றியா இல்லையா?"

சொன்னார். முதலில் தட்டுத் தடுமாறி, அப்புறம் மடை திறந்த மாதிரி. விளையாட்டின் நாலாம் படியில், சதுப்பு நிலத்தில், ஒரு கிழட்டு மீனவன் நிற்பான். பத்துத் தவளை பிடித்துக் கொடுத்தால் இந்தப் பட்டையைத் தருவான். அடி தாங்காது, மந்திரம் கூட்டாது, ஒன்றுக்கும் உதவாது. எல்லாரும் அடுத்த கடையிலேயே இரண்டு செப்புக் காசுக்கு விற்றுவிடுவார்கள். முன்பக்கம் பார்த்தால் வெறும் கயிறு. பின்பக்கத்து முடிச்சை மேல்சட்டையோ கோட்டோ போட்டிருக்கிற யாரும் பார்த்திருக்க முடியாது.

"முதுகு வெறுமையா இருந்தாத்தான் அது தெரியும்" என்றார் டோர்வின்.

எல்விரா ஒரு பெருமூச்சு விட்டார். "பதினஞ்சு வருஷம் முன்னாடி நானும் அதை வித்தேன். ரெண்டு காசுக்கு. என்னைச் செருப்பால அடிக்கணும்."

"மறுபடி தருவான்ங்க, அந்தக் கிழவன். யாரும் போய்க் கேக்கறதில்ல. ரெண்டாம் தரம் நூறு தவளை வேணும். நான் ஒரு தடவை தவறிப்போய் வித்துட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அந்த வாரோட நிறம்?"

"அது மூணு சாயம். எழுதிக்கறீங்களா?"

"எழுதிட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு."

போட்டி அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பரிசு தவளைவேடம் போட்ட ஒரு தம்பதிக்குப் போனது, நியாயமான பரிசு. டோர்வினின் மூன்று வரி பற்றி யாரோ ஞாபகப்படுத்தியபோது எல்விரா, "அவர் ஆறு வரி சொல்லியாச்சு, நம்பர் போட்டுச் சொன்னார்" என்று முடித்துவிட்டார். மொத்தத்தில் அகநேத்தாவுக்கு மூன்றாம் இடம். டோர்வின் அதைச் சரியாகக் காதில்கூட வாங்கவில்லை. தகரக் கவசத்தை வாத்துத் தலைக்கவசக்காரனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அவன் வாத்துக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு கண்றாவியாகத் திரிந்தான்.

கூட்டம் கலைந்ததும் எல்விராவும் அவரும் தவளை பிடிக்கச் சதுப்பு நிலத்துக்குப் போனார்கள். மூக்கு மட்டும் தெரியும் மூட்டை ஒன்றும், துணியே இல்லாத ஒருத்தியும் சேற்றில் தவளை துரத்துவதைப் பார்க்க, அன்றுதான் விளையாட்டுக்கு வந்த புதுசுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"அந்தப் பட்டையை இந்தக் கரடித்தோலுக்கு மேல கட்டப் போறேன்" என்றார் எல்விரா. "எட்டாவது அடுக்கு."

டோர்வின் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. உங்க ஆளுக்கு எதுக்கு இத்தனை துணி?"

நாற்பத்தேழாவது தவளை தப்பித்து ஓடியது.

"டார்ட்டில்லா ரொட்டி சுடற ஃபேக்டரில வேலை எனக்கு" என்றார் எல்விரா. "அடுப்பு முன்னால. பத்தொன்பது வருஷம். மூணு வரி எழுதுன்னு என்னை யாரும் கேக்கல, நல்லவேளை."

இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு தவளை ஓடிப்போயின.

திங்கட்கிழமை காலை டோர்வின் பதினோரு நிமிடத்தில் உடுத்தி முடித்து, சாவியைத் தேடி மறுபடி பாதியை அவிழ்த்து, பஸ் பிடித்துக் கிடங்குக்கு வந்தார். ரோடெல் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினான்.

"என்ன அண்ணே, ஜெயிச்சீங்களா?"

"இல்லடா. மூணாவது."

"அப்புறம் ஏன் இப்படிப் பல்லைக் காட்டறீங்க?"

"கேட்டாங்கடா."

"என்ன கேட்டாங்க?"

டோர்வின் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். கண் இரண்டும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. அவ்வளவு போதுமாக இருந்தது.

"எங்க கிடைச்சதுன்னு."

ரோடெல் தடித்த கையுறையோடு டோர்வினின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். ஆறு அடுக்குக்கு அடியிலும் அது டோர்வினுக்கு உறைத்தது.